பூசை முடியட்டும் என்று இருந்தேன்

மங்கை,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சென்னைக்கு ரயிலேறுவதற்கு முன்னால், முறத்தில் அரிசிக் கல் பொறுக்கிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி நான் தீட்சை வாங்கட்டுமா, வேணாமா? நீ என்ன சொல்றியோ அதைச் செய்றேன்." நான் முறத்தைத் தட்டிப் புடைத்து, "இந்த ரேஷன் அரிசியில அரிசியைத்தான் பொறுக்கணும் போலருக்கு" என்றேன். நீ சிரித்துவிட்டு எழுந்து போனாய். நான் தட்டிக் கழித்தேன் என்பது உனக்குப் புரிந்திருக்கும். ஏன் என்பது புரிந்திருக்காது. அன்றிலிருந்து நான்கு தடவை இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம், கட்டுரை எழுதினால் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சுற்றி வளைக்காதீர்கள் என்று தினமும் கத்துகிறவள் நான். அதனால் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா இறந்த விதத்தைப் பற்றி உனக்கும் ஊருக்கும் தெரிந்திருப்பது உண்மை இல்லை. உன் மாமியாராக வரப்போகிறவர் நம் வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டதே அந்தக் கதையை நம்பித்தான்.

அன்றைக்கு அந்த அம்மாள் சொன்னது உனக்கு நினைவிருக்கும். திருப்பரங்குன்றத்திலிருந்து வெற்றிலை, பூ, பழத்தோடு வந்தவர், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்க கையால திருநீறு வாங்கிக்கிட்டுக் கண்ணை மூடினவரு, அவரு புண்ணியவான். அப்பேர்ப்பட்ட வீட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும். சீரு செனத்தி ஒண்ணும் நாங்க கேக்கல. மருமக உங்களைப் போலவே தீட்சை வாங்கி, நித்தம் பூசை செய்யணும். அம்புட்டுத்தான்." நான் தலைகுனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். நீயும் உள்ளே வந்து, "என்னம்மா, இம்புட்டு வெக்கப்படுற!" என்று கேலி செய்தாய்.

நான் சென்னையில் பி.ஏ. படித்தபோது தத்துவம் என் பாடம். எல்லாம் ஒன்றே, இரண்டு என்று தெரிவதெல்லாம் மயக்கம் என்று எங்கள் ஆசிரியை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பத்தொன்பது வயதில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். மதுரைக்குத் திரும்பி வந்து மீனாட்சி கோயிலில் கும்பலோடு நிற்கும்போது, இத்தனை பேரும் தங்களையே கும்பிடுகிறோம் என்று தெரியாமல் கும்பிடுகிறார்களே என்று பரிதாபப்பட்டிருக்கிறேன். அப்படி ஒரு கர்வம். பிறகு உன் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டேன். மேலூர்ப் பக்கம் நாலு தலைமுறையாக உழுது பிழைத்த வீட்டிலிருந்து முதன்முதலில் தாலுகா கச்சேரிக்குக் குமாஸ்தாவாக வந்தவர். என்னை அவர் 'பி.ஏ.' என்றுதான் கூப்பிடுவார். "ஏ பி.ஏ., கொஞ்சம் வெந்நி கொண்டா." "ஏ பி.ஏ., என் கண்ணாடியைப் பாத்தியா?" அவருக்கு இந்த 'எல்லாம் ஒன்று' என்பதைப் பற்றி நான் மூச்சுவிடாமல் விளக்கியபோது, எனக்கு மூன்று நாளாகப் பல்வலி. கன்னத்தைத் துணியால் கட்டியிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உனக்கு வலிக்கிற பல்லு என் பல்லுந்தானா? சரி, இன்னைக்கு ரெண்டு பேருக்கும் சேத்து நீயே வலிச்சுக்க. நாளைக்கு நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பதில் வரவில்லை. பல்லைப் பிடுங்கிய பிறகும் வரவில்லை.

தெற்கு மாசி வீதியில் ஒரு மாடியில் ஞாயிறு மாலைகளில் நடந்த சைவ சித்தாந்த வகுப்புக்கு என்னை முதலில் அழைத்துப்போனது அவர்தான். பக்தியால் இல்லை. "உன்னோட வாதாட என்னால முடியல, அங்கன நாலு பேரு இருக்காக, அவுகளோட மல்லுக்கட்டு" என்று கொண்டுபோய் விட்டார். பெண்கள் ஐந்தாறு பேர் ஒரு பக்கமாகப் பாயில் உட்காருவோம். ஆண்கள் போடும் சண்டை கீழே வீதி வரைக்கும் கேட்கும். ஒரு ஜவுளிக் கடைக்காரரும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஹெட் கிளார்க்கும்தான் பெரிய எதிரிகள். "உயிரும் சிவமும் ரெண்டு இல்லேன்னு சொல்லியாச்சு. அப்ப ஒண்ணுதானய்யா?" என்பார் ஜவுளிக் கடைக்காரர். "ரெண்டு இல்லேன்னா உடனே ஒண்ணுன்னு எதுக்கு அவசரப்படுறீரு? இது என்ன உம்ம கடையில துண்டு கிழிக்கிற கணக்கா?" என்பார் ஹெட் கிளார்க். "அப்ப என்னதான்யா அது?" "கண்ணும் வெயிலும் மாதிரி. வெயில் இல்லாட்டிக் கண்ணால பாக்க முடியாது. அதுக்காகக் கண்ணே வெயிலாயிருமா? பாக்கும்போது ரெண்டையும் பிரிச்சுக் காட்டும் பாப்போம்!" மூலையிலிருந்து யாரோ, "அண்ணே, கண்ணு ரெண்டும் காப்பிக் கடை பக்கமே போவுது, முடிங்கண்ணே" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு, இத்தனை காலம் வாடகை வீட்டில் இருந்தவள் சொந்த வீட்டுக்குள் காலை வைத்த மாதிரி இருந்தது. நான் படித்து வந்த 'ஒன்று' என்னை அழித்துவிட்டுத்தான் வரும். இங்கே நான் நானாக இருக்கலாம், பல்வலியோடு இருக்கலாம். இருந்தும் பிரிந்திருக்கவில்லை. ஒன்றாகவும், வேறாகவும், கூடவேயும் என்றார்கள். அது எப்படி மூன்றும் ஒரே நேரத்தில் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காத ஒன்றுக்குள் ஒருத்தி நிம்மதியாகக் குடியிருக்க முடியும் என்பது அங்கேதான் தெரிந்தது.

அதோடு நின்றிருக்கலாம். இரண்டு வருஷம் கழித்து வகுப்புக்கு ஒரு தேசிகர் வந்தார். தீட்சை கொடுப்பவர். விரும்பியவர்கள் வரிசையில் போய்க் கேட்டோம். தீட்சையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வாங்கியவருக்கு ஆயுள் முழுக்கக் கடமை உண்டு: தனக்கென்று ஒரு லிங்கத்தைப் பெற்று, நாள் தவறாமல் பூசை செய்ய வேண்டும், பூசை முடியாமல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. மற்றதில் அந்தக் கட்டாயம் இல்லை. குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும், நோயாளிகளுக்கும், பெண்களுக்கும் என்று வைத்தது. பலன் இரண்டுக்கும் ஒன்றுதான் என்கிறது சாத்திரம். தேசிகர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இரண்டாவது போதும் அம்மா. குடும்பம் இருக்கு, கைக்குழந்தை இருக்கு. இறைவனே கொடுத்த சலுகை அது" என்றார். 'சலுகை' என்ற அந்தச் சொல் என்னைக் குத்தியது. கல்லூரியில் இடம் கேட்டபோதும் பெண்ணுக்கு எதற்கு என்றுதானே கேட்டார்கள். "எனக்குச் சலுகை வேண்டாம். ஆண்களுக்கு என்ன உண்டோ அதைக் கொடுங்கள்" என்றேன். அவர் தயங்கி, "மாதத்தில் மூன்று நாள் என்ன செய்வீர்கள்?" என்றார். "மனசுக்குள் செய்வேன்." "பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால்?" "அதற்கும் வழி சாத்திரத்தில் இருக்குமே" என்றேன். இருந்தது. ஆபத்து என்றால் ஒரு பூவை எடுத்து வைத்து, ஐந்தெழுத்தைச் சொல்லி, பொறுத்தருள வேண்டிக்கொண்டு பூசையை அந்த நிமிஷமே முடித்து எழுந்துவிடலாம். அவர் சொல்லச் சொல்ல என் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் உன் அப்பா, "ஏ பி.ஏ., சண்டை போட்டு விலங்கு வாங்கி மாட்டிக்கிட்ட ஒரே பொம்பளை நீதான்" என்றார். நீ அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

ஏழு வருஷம் ஒரு நாள் தவறவில்லை. அந்தக் காலத்தில் என்னைப் பார்த்து வகுப்பு ஆண்களே வெட்கப்பட்டார்கள். ஜவுளிக் கடைக்காரர் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு நாள் பூசையை விட்டுவிட்டார் என்று தெரிந்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பூசை ஒன்றரை மணி நேரம். இறைவனை எழுந்தருளச் செய்தது முதல் வழியனுப்பும் வரை பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது. உன் அப்பாவுக்கு அந்த நேரத்தில்தான் வேண்டுமென்றே எல்லாம் தேவைப்படும். கதவுக்கு வெளியே நின்று, "பி.ஏ., சுண்ணாம்பு டப்பி எங்க? பேசாட்டிப் பரவால்ல, மணியை ஒரு தட்டுத் தட்டினா சமையக்கட்டு, ரெண்டு தட்டுன்னா கூடம்" என்பார். நீயும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன், பிறகு பூசையில் சிரித்ததற்கு மனதில் மன்னிப்புக் கேட்பேன். அவர் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பது அப்படித்தான் எனக்குப் பழகிப் போயிற்று.

உனக்கு ஒன்பது வயதில் அவருக்கு டைபாய்டு வந்தது. உன்னை மேலூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இருபத்தொரு நாள் தாண்டினால் பயமில்லை என்றார் டாக்டர். பத்தொன்பதாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. பார்லிக் கஞ்சி இரண்டு கரண்டி குடித்தார். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி, "போ, உன் ஆளு காத்துக்கிட்டு இருப்பாரு" என்று பூசை அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். நான் போனேன். நம் வீட்டில் வேலைக்கு இருக்கும் பேச்சியக்கா பால் வாங்கப் போயிருந்தாள். அபிடேகம் முடிந்து பூச் சார்த்திக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து, "ஏ பி.ஏ." என்று கேட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆறவைத்த தண்ணீர் இருந்தது, பேச்சியக்கா இதோ வந்துவிடுவாள். நான் அடுத்த பூவை எடுத்தேன். கொஞ்சம் கழித்து, "ஏ, இங்கன வாயேன்" என்றார். எழவில்லை. மூன்றாவது தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மங்கை, பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவர் என் பெயரைச் சொல்லி நான் கேட்டது இரண்டு தடவை. கல்யாணத்தன்று ஒன்று, நீ பிறந்தபோது ஒன்று. அன்றைக்கு மூன்றாவது.

இந்த இடத்தில்தான் நான் நான்கு கடிதத்தையும் கிழித்தேன். அந்தக் குரல் வேறு என்று எனக்குத் தெரிந்ததா? 'பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறார், விளையாட்டைப் பார்' என்று நினைத்ததாக ஒரு நினைவு இருக்கிறது. கை நடுங்கி ஒரு பூ தட்டுக்கு வெளியே விழுந்ததாகவும் நினைவு இருக்கிறது. விளையாட்டென்று நினைத்தவளுக்குக் கை ஏன் நடுங்க வேண்டும்? இன்னொன்றும் உண்டு, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 'இது சோதனை, அசையாதே' என்று எனக்குள் ஒரு பெருமிதம் எழுந்த மாதிரி இருக்கிறது. கதைகளில் வரும் அடியார்களை இறைவன் இப்படித்தானே சோதிப்பான். இந்த மூன்றில் எது அன்றைக்கு நிஜமாக என் மனதில் ஓடியது, எது இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நானாகச் சேர்த்துக்கொண்டது என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு பூவை வைத்து எழுந்திருக்கலாம் என்பது எனக்கு அப்போதும் தெரியும். நான் தீபம் காட்டினேன். நிவேதனம் செய்தேன். வலம் வந்து வணங்குவதைக்கூடக் குறைக்கவில்லை. வழியனுப்பி, லிங்கத்தைப் பெட்டியில் வைத்து மூடி, திருநீற்றை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தம்ளர் வைத்த இடத்திலேயே நிரம்ப இருந்தது. அவர் போயிருந்தார்.

நான் திருநீற்றை அவர் நெற்றியில் பூசினேன். ஏன் என்று கேட்காதே, கையில் அதுதான் இருந்தது. அப்போதுதான் பேச்சியக்கா பால் செம்போடு உள்ளே வந்தாள். ஒரு நிமிஷம் என்னையும் அவரையும் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஐயோ, அம்மா திருநீறு பூசப் பூச ஐயா கண்ணை மூடிட்டாகளே!" என்று அலறினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பத்தாம் நாளுக்குள் அந்தக் கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது. அவரே திருநீறு கேட்டார் என்றார்கள். ஐந்தெழுத்தைச் சொன்னார் என்றார்கள். ஜவுளிக் கடைக்காரர் அழுதபடி, "இந்தச் சாவுக்கு நான் எத்தனை பிறவி எடுக்கணும்" என்றார். உன்னை மேலூரிலிருந்து கூட்டிவந்த அத்தை வண்டியிலேயே உனக்கு அதைச் சொல்லியிருக்கிறாள். நீ என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு வலிக்கலையாம்மா? திருநீறு பூசினதும் தூங்கிட்டாங்களா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். ஊருக்குச் சும்மா இருந்தேன். உனக்கு மட்டும்தான் வாயைத் திறந்து பொய் சொன்னேன்.

அந்தப் பொய்தான் நமக்குச் சோறு போட்டது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். முப்பத்து மூன்று வயது விதவை தலைநிமிர்ந்து பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனால் ஊர் சும்மா இருக்குமா? என்னைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. 'திருநீறு கொடுத்து வழியனுப்பினவுக' என்று வழிவிட்டார்கள். நீ காலேஜுக்குப் போனபோதும் அப்படித்தான்.

துக்கம் கழியும் வரை என் பூசைப் பெட்டியை ஹெட் கிளார்க் தம் வீட்டில் வைத்துப் பூசை செய்தார். பதினேழாம் நாள் கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் திரும்ப வாங்காமல் இருந்திருக்கலாம். வாங்கினேன். மறுநாள் காலை உட்கார்ந்தபோது, இனி இது முடியாது, வெறுப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்த நிம்மதி பழைய இடத்தில் பழையபடி இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒரு வருஷம் கழித்துத் தேசிகர் மறுபடி வந்தபோது தனியாகப் போய்ச் சொன்னேன். சொல்லவும் எனக்கு ஒழுங்காகத் தெரியவில்லை. பூசையிலிருந்து ஆரம்பித்தேன், அவர் கூப்பிட்டதில் முடித்தேன். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பூசையில் ஏதாவது குறை நேர்ந்ததா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் பரிகாரம் எதற்கு?" என்றார். அன்போடுதான் சொன்னார். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொள்ளத் தெரியாமல் நின்றேன். பூசையில் குறை இல்லை என்பதுதானே நான் சொல்ல வந்த குற்றம்.

போன வருஷம் பேச்சியக்காவுக்கு முழங்கால் வீங்கிப் படுத்திருந்தபோது, தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, அன்றைக்கு அவள் உள்ளே வந்தபோதே அவர் போய்விட்டது தெரியுமா என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இம்புட்டு வருசங் கழிச்சா கேக்கிய? ஐயா போனது எனக்குத் தெரியாதாக்கும்? எத்தனை சாவு பாத்திருக்கேன்." "அப்புறம் ஏன் அப்படிக் கத்தின?" "வேற எப்பிடிக் கத்தணுங்கிய? புருசன் சாகக் கிடக்கயில பொண்டாட்டி மணி ஆட்டிக்கிட்டு இருந்தான்னா? இந்தத் தெரு உங்களை உசுரோட விட்டிருக்குமா? சின்னப் பிள்ளையை வேற வச்சிருந்தீக." நான் அழுதேன். "அழுகாதீக. தைலத்தைத் தேய்ங்க, காஞ்சு போவுது" என்றாள். சாத்திரம் தெரியாது, தீட்சை கிடையாது. ஒரு நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு நோட்டில் அடிக்கோடு போட்டும் தெரியவில்லை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் என்ன முடிவுக்கு வந்தேன் என்று நீ கேட்பாய். வகுப்பில் யாரிடமாவது சொன்னால் அவர்கள் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். 'இரண்டில்லை என்றால், கட்டிலில் இருந்து கூப்பிட்டதும் அவனேதானம்மா. நீங்கள் எங்கே வைத்து அவனைத் தேடினீர்கள்?' அழகான பதில். நானே அதைப் பலமுறை எனக்குச் சொல்லி அழுதிருக்கிறேன். ஆனால் அதில் ஏதோ ஒன்று எனக்கு உறுத்துகிறது. அப்படிச் சொன்னால் உன் அப்பா காணாமல் போய்விடுகிறார். கூப்பிட்டது கடவுள் என்றால், நான் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம். கூப்பிட்டது வெந்நீர் கேட்கும், கண்ணாடியைத் தொலைக்கும், என்னைப் பி.ஏ. என்று கேலி செய்யும் அந்த மனிதர். எதற்குக் கூப்பிட்டார் என்பதுகூட எனக்குத் தெரியாது. தண்ணீருக்கா, வலியா, பயமா, சும்மாவா. நான் காலேஜில் படித்த தத்துவத்துக்குத் திரும்பிவிடலாம் என்றும் தோன்றும். அங்கே கூப்பிட்டவரும் இல்லை, கேளாமல் இருந்தவளும் இல்லை, எல்லாம் ஒரே கடல். அங்கே எனக்கு வலியே இருக்காது. ஆனால் அந்த மனிதர் என்னைப் பார்த்துப் பல்வலியைப் பற்றிக் கேட்பார், எனக்கு அன்றைப்போலவே பதில் வராது. சித்தாந்தம் என்ற இந்த வீட்டில் நான் தங்கியிருப்பதற்கு அதுதான் காரணமோ என்னவோ. இங்கே அவர் அவராகவே இருக்கிறார். நான் செய்தது நான் செய்ததாகவே இருக்கிறது. அப்படியும் நான் வெளியே தள்ளப்படவில்லை. சில நாள் இதை நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது. சில நாள், இதுவும் நான் எனக்குச் சௌகரியமாகக் கட்டிக்கொண்ட இன்னொரு சலுகைதானோ என்று சந்தேகம் வருகிறது. நாற்பத்தைந்து வயதில் உனக்குத் தெளிவாக ஒரு வழி சொல்லக்கூடிய தாயாக இருந்திருக்க வேண்டும். இல்லை, கண்ணு.

உன் கேள்விக்கு வருகிறேன். வாங்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மாடியில் எனக்குக் கிடைத்தது பொய் இல்லை. அதை வேறு எங்கும் நான் கண்டதும் இல்லை. வாங்கு என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. நீ என் மகள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாய், அதைத்தான் எல்லோரும் உன்னிடம் மெச்சுவார்கள். வாங்குவதானால், கட்டாயம் இல்லாத அந்த இரண்டாவதை வாங்கு. அதைத் தாழ்வு என்று நினைத்ததுதான் என் தவறோ என்று இப்போது படுகிறது. கைக்குழந்தைக்காரிக்கும் நோயாளிக்கும் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தவர்கள், ஆட்களைத் தெரிந்துதான் வைத்திருப்பார்கள். ஆனால் உன் மாமியார் கேட்டது முதலாவதை. காரணம் என் கதை. அதனால் நான் திருப்பரங்குன்றம் போய் அந்த அம்மாளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சொன்னால் இந்தச் சம்பந்தம் நிற்கலாம். நின்றால் ஊர் காரணம் கேட்கும், அதையும் சொல்ல வேண்டிவரும். பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்களோ தெரியாது. நீ அந்தப் பையனைப் பற்றிப் பேசும்போது உன் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் உன்னைக் கேட்காமல் போகவில்லை. சொல்ல வேண்டாம் என்று நீ எழுதினால் அதற்குக் கட்டுப்படுகிறேன். மணமேடையில் அந்த அம்மாள் என் கையைக் கண்ணில் ஒற்றும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன். பழகியதுதான். ஆனால் இனி நமக்குள் அந்தக் கதை வேண்டாம். இருபத்தொரு வயதில் உன் அப்பாவை நீ இரண்டாவது தடவை இழக்கும்படி செய்கிறேன், தெரியும்.

இதற்குப் பதில் எழுத உனக்குக் கை வராமல் போகலாம். கோபம் வந்தால் லீவு கேட்டுக்கொண்டு ரயிலேறி வா. நேரில் கேள், கத்திக் கேள். சென்னை ரயில் காலையில் வந்து சேரும் நேரம் நான் பூசையில் உட்கார்ந்திருக்கும் நேரம். பூசை முடியட்டும் என்று பேச்சியக்கா உன்னைக் கூடத்தில் உட்காரச் சொல்வாள். உட்காராதே. கதவைத் தட்டிக் கூப்பிடு.

அம்மா